இறால் வலை, கோகோ மூட்டை, விக்குன்யா ரோமம்: உலகச் சந்தை இயற்கையைத் தொடும் இடங்கள்

இறால் பிடிக்கும் இழுவை வலையின் கழுத்துப் பகுதியில் சாய்வாக ஒரு கம்பித் தட்டியைப் பொருத்துவார்கள். கம்பிகளுக்கு நடுவே இறால் நுழைந்து பின்னால் இருக்கும் மடிக்குப் போய்விடும். ஆமை வந்தால் தட்டியில் முட்டி, சாய்வில் வழுக்கி, வலையில் வெட்டி வைத்திருக்கும் திறப்பு வழியாகக் கடலுக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான் கருவி. கடலாமை மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டிய உயிர். நீண்ட நேரம் இழுபடும் வலைக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகும். சரியாகப் பொருத்திய தட்டி, வலைக்குள் வரும் ஆமைகளில் நூற்றுக்கு 97ஐத் தப்பவிடும் என்பது அமெரிக்க மீன்வளத் துறையின் கணக்கு.

உலக வர்த்தக அமைப்பு விசாரித்த மிக முக்கியமான சுற்றுச்சூழல் வழக்குகளில் ஒன்று இந்தத் தட்டியைப் பற்றியதுதான். ஆமையைக் காக்கும் ஏற்பாடு இல்லாத நாட்டின் இறால் தன் சந்தைக்குள் வரக்கூடாது என்று 1989இல் அமெரிக்கா சட்டம் போட்டது. முதலில் கரீபியன் கடலையும் மேற்கு அட்லாண்டிக்கையும் ஒட்டிய நாடுகளுக்கு மட்டும் அதை நடைமுறைப்படுத்தினார்கள். பழகிக்கொள்ள அந்த நாடுகளுக்கு மூன்று ஆண்டு கிடைத்தது. 1995 இறுதியில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, சட்டம் உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்றது. ஆசிய நாடுகளுக்குக் கிடைத்த அவகாசம் நான்கே மாதம். இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் வழக்குப் போட்டன.

1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பு சொன்னபோது, 'வர்த்தகம் வென்றது, ஆமை தோற்றது' என்று பலர் எழுதினார்கள். தீர்ப்பைப் படித்தால் கதை வேறு. அழியக்கூடிய இயற்கை வளத்தைக் காக்க ஒரு நாடு இறக்குமதிக்கு நிபந்தனை வைக்கலாம், காட் என்னும் உலக வர்த்தக ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது என்றுதான் அமர்வு சொன்னது. அமெரிக்கா தோற்றது நிபந்தனையை விதித்த முறையில். சிலருக்கு மூன்று ஆண்டு, சிலருக்கு நான்கு மாதம். சிலரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் பேசியாயிற்று, மற்றவர்களுக்கு உத்தரவு மட்டும் வந்தது. ஒரு படகு தட்டியைப் பொருத்தியே இறால் பிடித்திருந்தாலும், அதன் நாட்டுக்குச் சான்று இல்லையென்றால் அந்த இறாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்தப் பாரபட்சம் ஏற்கத்தக்கதல்ல என்றார்கள். பிறகு அமெரிக்கா முறையை மாற்றிக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு வந்தது. மலேசியா மறுபடி வழக்காடியபோது, 2001இல், அமெரிக்காவின் பக்கம் தீர்ப்பு வந்தது.

வளரும் நாடுகளின் காட்டையும் கடலையும் உலகச் சந்தை என்ன செய்கிறது என்று பேசத் தொடங்கினால் பேச்சு சீக்கிரமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. வர்த்தகம்தான் காட்டைத் தின்கிறது என்கிறது ஒன்று. வர்த்தகத்தால் வளம் வந்தால் காடு தானாகத் திரும்பும் என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. நிபந்தனையை யார் வைக்கிறார், அதன் எல்லை எங்கே முடிகிறது, செலவு யார் தலையில் விழுகிறது என்ற மூன்றையும் கேட்காமல் எந்த உதாரணமும் புரிவதில்லை.

முதலில் நிபந்தனையே இல்லாத சந்தை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஐவரி கோஸ்ட்டும் கானாவும் சேர்ந்து உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. 1960இல் சுதந்திரம் அடைந்தபோது இருந்த காட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் ஐவரி கோஸ்ட் இழந்துவிட்டது. கோகோ அதற்கு ஒரு முக்கியக் காரணம். விவசாயிக்குக் காட்டின்மேல் பகை ஒன்றும் கிடையாது. புதிதாக வெட்டிய காட்டு மண்ணில் உரம் இருக்கும், களை குறைவு, நோய் குறைவு, ஈரம் நிற்கும். கன்று வேகமாகக் காய்ப்புக்கு வரும். இருபத்தைந்து முப்பது வருடத்தில் மரம் கிழடாகிவிடும். அதே நிலத்தில் மறுபடி நட வேண்டுமானால் உரம் போட வேண்டும், களை எடுக்க வேண்டும், நோயோடு மல்லுக்கட்ட வேண்டும். அதைவிட இன்னும் கொஞ்சம் காட்டுக்குள் போய் வெட்டுவது மலிவு. காடு தந்த அந்த உரத்துக்கும் ஈரத்துக்கும் யாரும் காசு கொடுக்கவில்லை. கோகோ விலையிலும் அது ஏறுவதில்லை.

சரி, விலை குறைந்தால் காடு பிழைக்குமா? அதுவும் நிச்சயமில்லை. விலை விழும்போது பழைய தோப்பைப் புதுப்பிக்கக் கையில் பணம் இருக்காது. அதனால் புதுக் காடு இன்னும் கவர்ச்சியாகிவிடும். விலை ஏறும்போதோ நிலத்துக்குப் போட்டி வரும். 2024இல் விளைச்சல் சரிந்து, அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு அந்த ஏற்றம் உடனே போய்ச் சேரவில்லை. அந்த இரண்டு நாடுகளிலும் அரசே பருவத்துக்கு முன்பாக அறுவடையின் பெரும்பகுதியை விற்று, கொள்முதல் விலையை நிர்ணயித்துவிடும். அப்புறம் இன்னொன்று: கொட்டையாக ஏற்றினால் பல பணக்கார நாடுகளில் வரி இல்லை அல்லது மிகக் குறைவு, சாக்லேட்டாக்கி ஏற்றினால் வரி ஏறும். ஆகவே லாபம் தரும் வேலை வெளிநாட்டிலும், மண் தேயும் வேலை உள்நாட்டிலும் நின்றுபோகிறது. காட்டைக் காக்கப் பணம் எங்கிருந்து வரும்?

தங்கம் இன்னும் கொடுமை. 2001 வாக்கில் ஒரு அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழே இருந்தது. 2011இல் 1,900ஐத் தொட்டது, 2025 அக்டோபரில் 4,000ஐத் தாண்டியது. பெரு நாட்டின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் ஆற்றங்கரைக் காடு எவ்வளவு வேகமாக மணல் குழியாகியது என்பது இந்த விலையோடு சேர்ந்தே நகர்ந்திருக்கிறது. மரத்தை அகற்றி, மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சிக் கரைத்து, வண்டலில் பாதரசம் கலந்து தங்கத் துகளைத் திரட்டி, பிறகு அதைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக ஓட்டுகிறார்கள். மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு இப்படிச் சிறு அளவில் நடக்கும் தங்கச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது. கோகோ மூட்டையையாவது பின்தொடர்ந்து போய் எந்தத் தோப்பு என்று கேட்கலாம். தங்கத்தை ஒருமுறை உருக்கிவிட்டால் எந்தக் காட்டுத் தங்கம், எந்தச் சுரங்கத்துத் தங்கம் என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

இப்போது, வாங்குபவர் நிபந்தனை வைத்துச் சாதித்த இடத்துக்கு வருவோம். பிரேசில் அமேசானில் 2004இல் ஒரே ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போனது. 2006 ஏப்ரலில் கிரீன்பீஸ் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட அறிக்கை ஒரு சங்கிலியை முனைமுதல் முனைவரை காட்டியது. அமேசானில் காடழித்த நிலத்தில் விளைந்த சோயா, கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்க் கோழித்தீவனமாகி, பெரிய துரித உணவு நிறுவனங்களின் தட்டுக்கு வருகிறது என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அந்த நிறுவனங்கள் சோயா வியாபாரிகளை நெருக்கின. மூன்று மாதத்தில், ஜூலையில், பெரிய வியாபாரிகள் சேர்ந்து அறிவித்தார்கள்: இனிமேல் புதிதாகக் காடழிக்கும் நிலத்தின் சோயாவை வாங்க மாட்டோம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அமேசானில் புதிதாகச் சோயா பரவிய நிலத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் நேரடியாகக் காட்டை வெட்டி வந்தது. 2014 வாக்கில் அது சுமார் ஒரு சதவீதமாகிவிட்டது. சோயாச் சாகுபடி நிற்கவும் இல்லை, குறையவும் இல்லை. முன்பே வெட்டிப்போட்ட மேய்ச்சல் நிலங்களுக்கு நகர்ந்து பல மடங்கு பெருகியது. இதை முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. சந்தையின் வாசலில் வைத்த ஒரு கேள்வி இவ்வளவு சீக்கிரம் வயலுக்குப் போய்ச் சேரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி தனியாகப் போகவில்லை. அரசு 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகக் காடழிப்பை உடனுக்குடன் கண்டுபிடிக்கத் தொடங்கியிருந்தது. புதிய காப்புக்காடுகளை அறிவித்தது. 2008இல் மத்திய வங்கி, அமேசானில் சூழல் சட்டத்துக்கு உட்பட்டதற்கான ஆவணம் காட்டாத பண்ணைகளுக்கு விவசாயக் கடன் கிடையாது என்றது. எல்லாம் சேர்ந்துதான் 2012இல் இழப்பு 4,600 சதுர கிலோமீட்டருக்கும் கீழே வந்தது. வாங்குபவரின் நிபந்தனையை மட்டும் பாராட்டிவிட்டு, வனக் காவலரையும் வங்கி உத்தரவையும் மறந்துவிடுகிற எழுத்துகள் நிறைய உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்வியும் இங்கேதான் வலிக்கிறது. அந்தச் சோயா ஒப்பந்தம் அமேசான் காட்டுக்கு மட்டுமாக இருந்தது. பக்கத்திலேயே செராடோ என்னும் பரந்த புல்வெளிக்காடு இருக்கிறது. பார்க்க மழைக்காடு போலப் பச்சைச் சுவராக இருக்காது. குட்டை மரங்களும் புல்லும்தான். ஆனால் அங்கே உயிரினங்கள் ஏராளம், பிரேசிலின் பெரிய ஆறுகள் பலவும் அங்கே பிறக்கின்றன. வனச் சட்டப்படி அமேசான் காட்டில் ஒருவர் தன் நிலத்தில் 80 சதவீதத்தை விட்டுவைக்க வேண்டும், செராடோவின் பெரும்பகுதியிலோ 20 சதவீதம் விட்டால் போதும். சோயா அந்தப் பக்கம் ஓடியது. 2023இல் செராடோவில் அழிந்த பரப்பு அமேசானில் அழிந்ததைவிட அதிகம். இதற்கிடையே 2024இல், தேசியச் சட்டம் கேட்பதற்கு மேல் நிபந்தனை வைக்கும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை கிடையாது என்று மாத்தோ குரோசோ மாநிலம் சட்டம் இயற்றியது. சட்டம் அனுமதித்த நிலத்தை வெட்டியதற்காக ஏன் தண்டனை, வெட்டாமல் விட்டதற்கு யார் ஈடு தருவார் என்பது அங்கே விவசாயிகள் கேட்கும் கேள்வி. அவர்களில் பெரும் பண்ணை முதலாளிகளும் உண்டு என்பதால் கேள்வி தவறாகிவிடாது.

அழிவு இடம் மாறுவது சோயாவோடு நிற்பதில்லை. 1998இல் யாங்சி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு சீனா தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைப் பெருமளவு நிறுத்தியது. உள்நாட்டில் காடு மீண்டது. மரத் தேவை அப்படியே இருந்ததால், ரஷ்யாவிலிருந்தும் மியான்மரிலிருந்தும் பாப்புவா நியூ கினியிலிருந்தும் தடிகள் வந்தன. நாடு வளர்ந்தால் சூழல் தானாகச் சீராகும் என்று வரைபடம் போட்டுக் காட்டும்போது இந்தத் தடிகள் எந்த நாட்டுக் கணக்கில் எழுதப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். நகரத்துக் காற்றும் ஆற்று நீரும் பணம் வந்த பிறகு ஓரளவு சுத்தமாகலாம். அழிந்த இனம் எவ்வளவு பணம் வந்தாலும் திரும்பாது.

பாமாயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் இந்தோனேசியாவில், எண்ணெய்ப்பனை உள்ளிட்ட பயிர்களுக்கு நிலம் திருத்த வைத்த தீ பரவி, 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கரிமண் சதுப்பு. உலக வங்கி போட்ட இழப்புக் கணக்கு 1,600 கோடி டாலர். அதைப் பார்த்து 'பாமாயிலே வேண்டாம்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை தருகிற எண்ணெயை எடுக்கச் சோயாவுக்குப் பல மடங்கு நிலம் வேண்டும். மேலும், அந்தத் தேவையின் ஒரு பகுதியைப் பெருக்கியதே ஐரோப்பா 2009இல் வாகன எரிபொருளுக்கு வைத்த பசுமை இலக்குதான். பின்னர் ஐரோப்பா பாமாயில் டீசலைக் கைவிட முடிவெடுத்தபோது இந்தோனேசியாவும் மலேசியாவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 2024இலும் 2025இலும் வந்த தீர்ப்புகள் இறால் வழக்கின் மறுவாசிப்புப் போல இருந்தன: காடழிப்பைக் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கது, செயல்படுத்திய விதத்தில் குறை இருக்கிறது.

நிபந்தனைக்கும் அப்பால், முழுத் தடையும் ஒரு வழி. 1979இல் ஆப்பிரிக்காவில் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்ததாக மதிப்பீடு. பத்தே ஆண்டில் அது ஏறக்குறைய 6 லட்சமானது. 1989 ஜூலையில் கென்யா 12 டன் தந்தத்தைக் குவித்துத் தீ வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சைட்டீஸ் என்னும் வன உயிர் வர்த்தக உடன்படிக்கை சர்வதேசத் தந்த விற்பனையை நிறுத்தியது. பிறகு 1999இலும் 2008இலும் தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் சில தங்கள் கிடங்கில் இருந்ததை, அந்தந்த ஒருமுறைக்கு மட்டும் கிடைத்த அனுமதியில் விற்றன. எங்கள் யானைகளை நாங்கள் ஒழுங்காகக் காத்தோம், அதற்கான செலவை எங்கே எடுப்பது என்பது அவர்கள் வாதம், அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் சட்டப்படி விற்ற தந்தமும் திருட்டுத் தந்தமும் கடையில் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். 2007க்கும் 2014க்கும் இடையே சவன்னா யானைகள் 30 சதவீதம் குறைந்தன என்று 18 நாடுகளில் வானிலிருந்து எடுத்த கணக்கெடுப்பு சொன்னது. 2017 இறுதியில் சீனா தன் உள்நாட்டு விற்பனையையும் மூடியது.

தந்தத்துக்கு நேர் எதிராக ஓர் உயிர் உண்டு, ஆண்டிஸ் மலையில். விக்குன்யா, ஒட்டக இனத்தின் மெலிந்த சிறு உறவு. அதன் ரோமம் 12, 13 மைக்ரான் தடிமன்தான். அதற்காகச் சுட்டுச் சுட்டே 1960களில் பத்தாயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். 1969இல் ஆண்டிஸ் நாடுகள் சில லா பாஸ் நகரில் கூடி ஒப்பந்தம் செய்தன. 1975 முதல் சைட்டீஸ் தடை. எண்ணிக்கை மீண்ட பிறகு, 1987 முதல், சில பகுதிகளில் ஒரு திருத்தம் வந்தது: உயிரோடு இருக்கும் விக்குன்யாவிடமிருந்து கத்தரித்த ரோமம் என்றால் விற்கலாம்.

வெட்டும் நாளில் ஊரே மலையில் கூடும். வண்ண நாடா கட்டிய நீளமான கயிற்றை ஆளுக்கொரு இடத்தில் பிடித்துக்கொண்டு, சுவர்போல மெதுவாக நெருங்கி, மந்தையைப் பட்டிக்குள் ஓட்டுவார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து, கண்ணை மூடி, கத்தரித்து, திரும்ப மலைக்கு விட்டுவிடுவார்கள். ஒரு விலங்கிடம் கிடைப்பது 200 கிராம் அளவுக்குத்தான். அடுத்த வெட்டுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இன்று விக்குன்யா நான்கு லட்சத்துக்கும் மேல். யானைக்கும் இதற்கும் வித்தியாசம் வெளிப்படை: தந்தத்தை எடுக்கக் கொல்ல வேண்டும், ரோமத்துக்கு வேண்டாம். உடமையும் தெளிவு, பலன் மலையில் வாழும் சமூகங்களுக்கே என்று 1979இல் புதுப்பித்த ஒப்பந்தமே எழுதிவைத்தது. ஆனால் ஐரோப்பியக் கடைகளில் அந்தத் துணி பல்லாயிரம் டாலருக்குப் போகும்போது, கயிறு பிடித்தவர்களுக்கு வரும் பங்கு மிகச் சொற்பம். இது மாறாவிட்டால் குளிரில் மலை ஏறி அந்த மந்தையைக் காக்க அடுத்த தலைமுறை ஏன் போக வேண்டும்?

காட்டைக் காப்பதற்கு நேரடியாகக் கூலி கொடுத்த நாடு கோஸ்ட்டா ரிகா. 1960, 70களில் அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி அனுப்புவதற்காக, மலிவுக் கடனோடு, காட்டை மேய்ச்சல் நிலமாக்கினார்கள். 80களில் காடு நாட்டின் கால்வாசியாகச் சுருங்கியது. பிறகு இறைச்சி விலை விழுந்தது, கடன் நெருக்கடியில் மலிவுக் கடனும் நின்றது. அந்த இடைவெளியில் 1996இல் வனச் சட்டம் வந்தது. பெட்ரோல், டீசல் மீது ஒரு வரி போட்டு, அதில் ஒரு பகுதியை, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்குத் தந்தார்கள். நீரைத் தேக்குவதற்கும் கரியைப் பிடித்துவைப்பதற்கும் அது கூலி. இன்று நாட்டின் பாதிக்கு மேல் காடு. சந்தை பின்வாங்கியது பாதிக் காரணம், அரசு சரியான நேரத்தில் நுழைந்தது மீதி.

வெப்பமண்டலக் காடழிப்பில் பெரும்பங்கு உள்நாட்டுத் தேவைக்காக நடப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரேசில் மாட்டிறைச்சியில் பெரும்பகுதியைப் பிரேசிலே சாப்பிடுகிறது. வெளிநாட்டு வாங்குபவரின் நிபந்தனை அந்தப் பங்கைத் தொடுவதே இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்கலாம். மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து வரும் பல பொருள்களும், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்தவையாக இருக்கக் கூடாது. உள்ளூர்ச் சட்டம் அனுமதித்தாலும் கூடாது. செராடோ விவசாயியின் கோபம் இங்கே இன்னும் பெரிதாக எழுகிறது. ஒவ்வொரு சரக்குக்கும் அது விளைந்த நிலத்தின் இருப்பிடம் தர வேண்டும், அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆறு தசம இலக்கத்தோடு. நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் நிலத்தின் எல்லையையே சுற்றி வரைந்து காட்ட வேண்டும், குறைவென்றால் ஒரு புள்ளி போதும். பெரும் பண்ணைக்கு இது ஒரு பொறியாளரின் ஒருநாள் வேலை. அரை ஹெக்டேர் வைத்திருப்பவர் தன் காப்பிப் பழத்தை, அக்கம்பக்கத்து நூற்றுக்கணக்கானவர்களின் பழத்தோடு, ஒரே கழுவு நிலையத் தொட்டியில் கொட்டுகிறார். யாருடைய பழம் எந்தப் புள்ளியிலிருந்து வந்தது என்று எழுத ஒரு புதிய ஏற்பாடே வேண்டும். முடியாதவர்களின் சரக்கு கேள்வி கேட்காத வேறொரு நாட்டுக்குப் போகும், விலை இன்னும் குறையும். சட்டம் அமலுக்கு வரும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போனதற்கு இந்த ஆயத்தமின்மையும் ஒரு காரணம்.

நான் இந்தச் சட்டத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆமைத் தட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாதது போலத்தான். ஆனால் ஐவரி கோஸ்ட்டும் கானாவும் 2020-21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கேட்டபோது நடந்தது நினைவில் இருக்க வேண்டும். வாங்குபவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். அதே நேரம் அந்த நாடுகளின் கோகோவுக்கு வழக்கமாகத் தந்துவந்த தரத்துக்கான கூடுதல் தொகை சரிந்து, பூஜ்யத்துக்கும் கீழே போனது. ஒரு கையில் வந்தது இன்னொரு கையில் போனது. ஐரோப்பியச் சட்டம் ஆறு தசம இலக்கம் கேட்கிறது. அந்த இலக்கத்தை எடுத்துத் தருபவருக்கு மூட்டைக்கு இவ்வளவு சேர்த்துக் கொடு என்று அதில் எந்தப் பிரிவும் வாங்குபவரிடம் சொல்லவில்லை.